கையில் வாங்க மாட்டோம்

அந்த யோசனை எனக்குக் கோவிலில் வந்தது. ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் முடிந்து காணிக்கை எடுக்கும் நேரம். எங்கள் லுத்தரன் கோவிலில் இன்னும் பழைய காணிக்கைப் பைதான். சிவப்பு வெல்வெட் துணி, அதன் வாயில் பித்தளை வளையம், வளையத்தோடு சேர்த்து ஆள் உயரத்துக்கு ஒரு கம்பு. சபை மூப்பர் வரிசையின் ஓரத்தில் நின்றபடி அதை உள்ளே நீட்டுவார். யார் என்ன போட்டார்கள் என்று பார்க்க மாட்டார். பாட்டையும் நிறுத்த மாட்டார்.

எத்தனையோ வருஷமாகப் பார்த்ததுதான். அன்றைக்குத்தான் கவனித்தேன். பைதான் நீளுகிறது, கை நீளவில்லை. போடுகிறவர் தன் கையால் போடுகிறார். பிடித்திருப்பவர் யாரிடமும் எதையும் வாங்கவில்லை. ஆனாலும் பை நிறைகிறது. என் முன்னால் பை வந்து நின்றதும் தெரியாமல் நான் அதையே வெறித்துக்கொண்டிருக்க, அம்மா முழங்கையால் இடித்தார்.

"வண்டிதாம்மா பை," என்றேன் மெதுவாக.

"கோவில்லயும் குப்பை நெனப்புதானா," என்றார் அம்மா.

அதே நினைப்புதான். வேறு நினைப்பு அப்போது எனக்கு இருக்கவில்லை. இந்த வாரம் தூய்மைத் திட்டத்தில் பரப்புரையாளராகச் சேரும் உங்களுக்கும் கொஞ்ச நாளில் அப்படித்தான் ஆகும்.

பணி அனுபவம் எழுதுவதற்கு நான் ஓய்வுபெற்ற அதிகாரி ஒன்றும் இல்லை. எனக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனால் நீங்கள் வரும் இடத்திலிருந்து நான் மாறிப் போகிறேன். போகிறவள் வருகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. மக்கும் குப்பை எது, மக்காத குப்பை எது, உரக்குழியை எப்போது கிளற வேண்டும் என்பதெல்லாம் பயிற்சியில் படம் போட்டுக் காட்டுவார்கள். நான் சொல்ல வந்தது அந்தப் படங்களில் வராது.

ஊர்ப் பெயர் வேண்டாம். கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரம். தெருவோரத் தொட்டிகளை எல்லாம் எடுத்துவிட்டு, வீட்டு வாசலிலேயே குப்பையைப் பிரித்து வாங்குவது என்பது திட்டம். வாங்கும் வேலை சுற்று வட்டாரக் கிராமத்துப் பெண்கள் சேர்ந்த ஒரு சுயஉதவிக் குழுவுக்கு. நடவுக்கும் அறுப்புக்கும் மெஷின் வந்தபிறகு வயலில் வேலை சுருங்கிப்போனவர்கள். குழுவின் தலைவி வேம்பு. நாற்பதைத் தாண்டியவர், குரல் தெருமுனை வரை கேட்கும். என்மேல் பிரியம் இருந்தால் பாப்பா என்பார், கோபம் வந்தால் மேடம். முதல் வாரம் முழுக்க நான் மேடம்தான்.

தொடக்க விழா ஒரு வெள்ளிக்கிழமை, சன்னதித் தெருவில். கவுன்சிலர் கொடி அசைத்தார், வண்டி நகர்ந்தது. முதல் வீட்டம்மா படிமேல் நின்று மக்கும் குப்பை இருந்த பச்சை வாளியை நீட்டினார். வேம்பு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீங்களே எறங்கி வந்து வண்டில கொட்டிருங்கம்மா."

"நான் எதுக்கு எறங்கணும்? இதுக்குத்தானே உங்களப் போட்டிருக்கு?"

"எடுத்துட்டுப் போகப் போட்டிருக்கு. ஏந்திக்கறதுக்குப் போடல."

வீட்டம்மா வாளியைப் படியிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். வேம்பு அதைத் தொடவில்லை. அடுத்த வீட்டிலும் இதே கதை. தெரு முடிவதற்குள் படிக்குப் படி பச்சை வாளிகள் நின்றன, நாய்கள் வந்துவிட்டன, கவுன்சிலர் காரில் ஏறிவிட்டார். மக்காத குப்பை இருந்த நீல வாளிகளை மட்டும் பெண்கள் ஒன்று விடாமல் வாங்கியிருந்தார்கள்.

நான் படித்தவள் அல்லவா, உடனே காரணம் கண்டுபிடித்துவிட்டேன். நாற்றம். டீக்கடையில் வேம்புவிடம் தடித்த கையுறை வாங்கித் தருவதாகச் சொன்னேன்.

"கையுறை போட்டா அது என் கை இல்லன்னு ஆயிருமா, மேடம்?"

பிறகு, டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். அவருடைய அம்மா களத்து வேலை முடிந்து பெரிய வீட்டுக் கொல்லைப்பக்கம் போய் நிற்பாராம். மிச்சத்தை ஒன்று மேலிருந்து ஊற்றுவார்கள், கீழே ஏந்திக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார்கள், குனிந்து எடுக்க வேண்டும்.

"எங்க ஆத்தா ரெண்டையும் செஞ்சா. நான் ரெண்டையும் செய்ய மாட்டேன். பேப்பரு, பாட்டிலு எவ்வளவு வேணா கையில குடு, வாங்கிக்கறேன். அது குப்பை."

"பச்சை வாளியில இருக்கறதும் குப்பைதானே?"

"நேத்து ராத்திரி சோறும் குழம்பும் எலையும் இருக்கு. உனக்கு அது குப்பை."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டிலும் அந்தக் கதை உண்டு. ஞானஸ்நானம் வாங்கித் தலைமுறைகள் ஆகியும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத கதை.

அதற்கடுத்த ஞாயிறுதான் காணிக்கைப் பை. திங்கட்கிழமை விடிந்ததும் சானிட்டரி இன்ஸ்பெக்டரிடம் போய் நின்றேன். வண்டி தெரு நடுவில் வாயைத் திறந்துகொண்டு நிற்கட்டும், விசில் ஊதட்டும், வீட்டுக்காரர்கள் வந்து அவரவர் கையால் கொட்டட்டும், பெண்கள் வண்டியைப் பிடித்திருந்தால் போதும் என்றேன். ஏந்துவது, குனிவது பற்றி அவரிடம் சொல்லவில்லை. தன் கையால் கொட்டுகிறவர் கலந்து கொட்டக் கூச்சப்படுவார், பிரிப்பது தானாக நடக்கும் என்றேன். அதுவும் பொய்யில்லை.

அவர் நல்ல மனிதர்தான். மழைக்காலத்தில் சாக்கடை அடைத்தால் முதலில் வந்து நிற்பவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நடந்தா சரி. எழுத்துல மட்டும் எதுவும் கேக்காதம்மா," என்றார். அன்றைக்கு அது எனக்குப் பெரிய சலுகையாகத் தெரிந்தது.

நடந்தது. முதல் சில நாட்கள் முணுமுணுப்பு, பிறகு பழக்கம். அந்தத் தெருவை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். வீடுகள் பெரியவை, ஆட்கள் குறைவு. பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, அதையும் தாண்டி அமெரிக்கா, ஆஸ்திரேலியா. வீட்டுக்கு இரண்டு முதியவர்கள், அல்லது ஒருவர். விசில் சத்தத்துக்கு வாளியோடு இறங்கி வருவதில் அவர்களுக்கு ஒரு பொழுது கிடைத்தது. இரண்டு வீடு தள்ளி இருப்பவரின் முகத்தை வருஷக்கணக்கில் பார்க்காதவர்கள் வண்டியருகே நின்று சர்க்கரை அளவு பேசினார்கள்.

அவர்களில் முதலில் வருகிறவர் ராமதுரை சார். ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர். கீழ்த்தளத்தைக் கூரியர் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, மாடியில் மனைவியோடு இருந்தார். மாடிப்படி வெளிப்பக்கமாகத் தெருவில் இறங்கும். மனைவிக்கு முழங்கால் போய்விட்டது, இறங்குவதே இல்லை. மகன் அமெரிக்காவில். இரண்டு வாளியையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, விசிலுக்கு முன்பே கடைசிப் படியில் நிற்பார்.

"வேம்பு, இன்னிக்கு எனக்கு எத்தனை மார்க்?"

வேம்பு வண்டிக்குள் எட்டிப் பார்ப்பார். "வாழைப்பழத் தோலோட பிளாஸ்டிக் கவர் வந்திருக்கு. ஃபெயிலு சார்."

"அது சம்சாரம் போட்டது."

"அவங்க எறங்கி வந்து கேக்க மாட்டாங்கங்கற தைரியத்துல பேசறீங்க."

மாடியிலிருந்து அந்த அம்மா சிரிக்கும் சத்தம் கேட்கும்.

அடுத்த மழைக்காலம் தொடங்கியபோது இன்னொன்றும் நடந்தது. நானாக யோசித்தது இல்லை, யாரும் சொல்லியும் நடக்கவில்லை. படி நனைந்திருந்த ஒரு காலையில், குழுவிலேயே சின்னவளான மலர் காலி வாளி ஒன்றை எடுத்துக்கொண்டு ராமதுரை சாரின் மாடிக்கு ஏறினாள். மேலே நடையில் அவர் தன் கையால் அதில் கொட்டினார். இவள் கொண்டுவந்து வண்டியில் சேர்த்தாள். வேம்பு பார்த்தார், தடுக்கவில்லை. பிறகு மழை பெய்தால் எல்லா மாடி வீட்டுக்கும், பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டுக்கும், கட்டுப்போட்டுப் படுத்திருப்பவர் வீட்டுக்கும் அப்படியே ஆனது.

உங்கள் கொள்கை என்ன ஆச்சு என்று வேம்புவைக் கிண்டல் செய்தேன்.

"ஏந்திக்கலையே. அவருதான கொட்டுறாரு? நாங்க படி ஏறுறோம், அவ்வளவுதான் பாப்பா."

எனக்கு அப்போது ஒரே பெருமை. இப்படி ஒரு ஏற்பாடு எந்த வழிகாட்டுதலிலும் கிடையாது, தானாக வளர்ந்தது என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எந்த வழிகாட்டுதலிலும் இல்லை என்பதுதான் அதன் பலவீனம் என்று யாரும் சொல்லவில்லை.

கார்த்திகையில் ஆய்வுக் குழு வருவதாகச் செய்தி வந்தது. ஊர்களுக்கு மதிப்பெண் போடும் குழு. அந்த மதிப்பெண்ணோடு இன்னொன்றும் கட்டியிருந்தது. பெண்கள் குழுவின் ஒப்பந்தம் முடியப்போகிறது. டிப்பர் வண்டிகளோடு ஒரு தனியார் கம்பெனி கேட்டுக்கொண்டிருந்தது. ஆய்வு நல்லபடி முடிந்தால் குழுவுக்கே நீட்டித்துவிடலாம், இல்லாவிட்டால் பார்க்கலாம் என்று மன்றத்தில் சொல்லியிருந்தார்கள். குழுவில் இருந்த அத்தனை பெண்களின் வேலையும் அந்த ஒரு காலையில் தொங்கியது. இது அவர்களுக்கும் தெரியும்.

அதே நேரம் சன்னதித் தெருவிலிருந்து ஒரு புகார் போயிருந்தது. திட்டத்தில் வாசலில் வந்து வாங்க வேண்டும் என்றுதானே இருக்கிறது, எங்களை ஏன் இறங்கச் சொல்கிறார்கள் என்று. யார் எழுதியது என்று தெரியாது. எழுதியதில் தவறும் இல்லை, திட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது.

ஆய்வு நாள் காலை, மழை தூறிக்கொண்டிருந்தது. மஸ்டர் எடுக்கும் இடத்தில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். வருகையைப் பதிவு செய்து முடித்ததும் இன்ஸ்பெக்டர் சொன்னார்: இன்றைக்கு ஒரு நாள் மட்டும், வீட்டுக்கு வீடு வாசலில் போய், இரண்டு வாளியையும் கையில் வாங்க வேண்டும். ஆய்வுக் குழு படம் எடுக்கும்.

நான்தான் குறுக்கே பேசினேன். "சார், வழக்கம்போல விட்டுருங்க. அதைப் பார்த்தா அவங்களே மெச்சுவாங்க."

"வழக்கம்னு ஒண்ணு அவங்க தாள்ல இல்லம்மா. வழிகாட்டுதல்தான் இருக்கு. அதுல டிக் அடிக்கணும்."

"வாங்க மாட்டாங்க சார்."

"ஒரு நாளு. போட்டோவுக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இவங்க வேலை போகக்கூடாதுன்னுதான் சொல்றேன். எனக்கென்ன வந்துச்சு?"

அதை அவர் உண்மையாகத்தான் சொன்னார். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எதிரில் நிற்பவர் கெட்டவராக இருந்தால் முடிவெடுப்பது சுலபம். அன்றைக்கு அங்கே அப்படி யாரும் இல்லை.

வேம்பு என்னைப் பார்த்தார். "போட்டோவுக்குன்னா அது எங்கயும் போகாது பாப்பா. நாளைக்கு அதத்தான் காட்டுவாங்க, அன்னிக்கி வாங்குனீல்ல, இன்னிக்கி வாங்குன்னு." பிறகு பெண்களிடம் திரும்பிச் சொன்னார். "யாரும் வாங்க வேணாம். யாரும் படியும் ஏற வேணாம். வண்டிகிட்டயே நிப்போம். கேட்டா நான் பேசிக்கறேன்."

இரண்டாவது வாக்கியம் அப்போது என் காதில் சரியாக விழவில்லை. முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சன்னதித் தெருவுக்கு ஓடினேன். வீட்டுக்காரர்களிடம் சொல்லி, எப்போதும்போல அவர்களாகவே இறங்கி வந்துவிட்டால் யாரும் யாரிடமும் வாங்க வேண்டியிருக்காது, ஆய்வுக் குழுவும் பார்த்துவிட்டுப் போய்விடும் என்று கணக்கு. ஆனால் எனக்கு முன்னால் அறிவிப்பு ஆட்டோ போய்விட்டிருந்தது. இன்று தூய்மைப் பணியாளர்கள் உங்கள் வாசலுக்கே வந்து பெற்றுக்கொள்வார்கள், வெளியே வரத் தேவையில்லை என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே போனது. நான் தெருவின் பாதிவரை கதவு தட்டினேன். அதற்குள் ஆய்வுக் குழுவின் கார் வந்துவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். வண்டி தெரு நடுவில் நின்றது. வேம்பு விசில் ஊதினார். வாசல்களில் ஆட்கள் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெண்கள் வண்டிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் மழை. ஆய்வுக் குழுவின் தலைமைப் பெண் கையில் செல்போனைப் பிடித்தபடி, ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். இன்ஸ்பெக்டர், இல்லை மேடம், இதோ என்றார். யாரும் அசையவில்லை.

மாடி நடையிலிருந்து ராமதுரை சார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சிக்கல், பெண்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்திருக்கிறது. அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். நாம் எப்படிச் செய்கிறோம் என்று இவர்களுக்குக் காட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு படியில் கால் வைத்தார்.

"இங்க பாருங்க மேடம், நாங்க இப்படித்தான் செய்யறது," என்று மேலிருந்தே சத்தமாகச் சொன்னார்.

மலர் பழக்கத்தில் வண்டியை விட்டுவிட்டுப் படியை நோக்கி ஓரடி எடுத்து வைத்தாள். கையில் காலி வாளிகூட இருந்தது.

"மலரு, நில்லு," என்றார் வேம்பு.

மலர் நின்றாள்.

ராமதுரை சார் நாலைந்து படி இறங்கியிருப்பார். இரண்டு கையிலும் வாளி. கைப்பிடிச் சுவரைப் பிடிக்கக் கை இல்லை. அவர் விழுந்தபோது கத்தவில்லை, வாளிகள்தான் சத்தம் போட்டன. எல்லோரும் ஓடினோம். வேம்புதான் முதலில் போய்ச் சேர்ந்தது. மேலே அந்த அம்மா, இறங்க முடியாமல், என்ன ஆச்சு என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். மலர்தான் மாடிக்கு ஏறி அவரோடு உட்கார்ந்துகொண்டாள். தலைமைப் பெண் செல்போனைப் பையில் போட்டுவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை ராமதுரை சாரின் முகத்துக்கு மேல் குடை பிடித்தார். மதிப்பெண் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை.

இடுப்பெலும்பு. தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நானும் வேம்புவும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தோம். கட்டில் பக்கத்தில் போய் நின்றோம். ராமதுரை சார்தான் முதலில் பேசினார்.

"ரெண்டு வாளியும் கலந்துபோச்சே வேம்பு. அன்னிக்கு மார்க் சைபர்தான்."

வேம்பு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அமெரிக்காவிலிருந்து மகன் வந்திருந்தார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். போடவில்லை. வராந்தாவில் என்னை நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மழைன்னா யாராவது மேல வருவாங்கன்னு அப்பா எப்பவும் சொல்லுவார். அன்னிக்கு மட்டும் ஏங்க வரல?"

நீங்களும் ஒருநாள் இப்படி ஒரு கேள்வி முன்னால் நிற்பீர்கள். கையில் திட்டத்தின் எல்லாப் பக்கங்களும் இருக்கும், பதில் மட்டும் இருக்காது.

மகன் பெற்றோரைக் கோயம்புத்தூர்ப் பக்கம் முதியோர் குடியிருப்பு ஒன்றில் சேர்த்துவிட்டு விமானம் ஏறினார். மாடி பூட்டிக் கிடக்கிறது. ஒப்பந்தம் அந்தத் தனியார் கம்பெனிக்குப் போனது. இப்போது அந்தத் தெருவில் பாட்டு போட்டுக்கொண்டு டிப்பர் வருகிறது. பச்சை வாளியும் நீல வாளியும் ஒரே தொட்டியில் விழுகின்றன. கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு மலர் வீடு வீடாகப் போய்க் கையில் வாங்குகிறாள். அவளைக் குறை சொல்ல யாருக்கும் வாய் கிடையாது. வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது.

நான் சும்மா இருக்கவில்லை. சும்மா இருக்க எனக்குத் தெரியாது. வாசல் கேட்டில் இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் கொக்கி வைத்தால் என்ன என்று பட்டறையில் மாதிரி ஒன்று செய்துகொண்டு வேம்புவிடம் ஓடினேன். வீட்டுக்காரர் அதில் வாளியை மாட்டிவிட்டுப் போய்விடலாம். ஏந்துவதும் இல்லை, குனிவதும் இல்லை. வேம்பு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. மாடியில இருக்கறவரு கொக்கிகிட்ட வர எந்தப் படியில எறங்குவாரு?"

அதோடு கொக்கியை மூட்டைகட்டி வைத்துவிட்டேன்.

கம்பெனியில் சேர வேம்பு மறுத்துவிட்டார். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போன மகளோடு சேர்ந்துகொள்ளக் கிளம்பினார். பஸ் ஸ்டாண்டில் வழியனுப்பப் போயிருந்தேன். பஸ் கிளம்பும் நேரம் சன்னல் வழியாகச் சொன்னார்.

"நான் நில்லுன்னது மலர் பொண்ண. அவரைப் பாத்துல்ல சொல்லியிருக்கணும், நில்லுங்க சார்னு. அது வாயில வரல பாப்பா. அன்னிக்கி அந்தப் பக்கம் இருந்தவங்க எல்லாரும் ஒரே ஆளாத் தெரிஞ்சாங்க."

இதுவரை சொன்னது நடந்தது. இனிச் சொல்வது நான் புரிந்துகொண்டது, தப்பாகவும் இருக்கலாம்.

ஊரில் மூன்று விதமாகப் பேசிக்கொண்டார்கள். பெண்களின் பிடிவாதம் என்று சிலர், இன்ஸ்பெக்டரின் உத்தரவு என்று சிலர், மழை என்று சிலர். மூன்றும் சரிதான். மூன்றும் எனக்குப் போதவில்லை. ராத்திரியும் பகலும் நான் திரும்பிப் போவது வேம்புவின் அந்த இரண்டாவது வாக்கியத்துக்குத்தான். யாரும் படியும் ஏற வேணாம். வாங்க மாட்டோம் என்பது அவர்களுடைய மானம். அது புரிகிறது. படி ஏறுவதை ஏன் சேர்த்து நிறுத்த வேண்டும்? அதை யாரும் அவர்களிடம் கேட்டு வாங்கவில்லை. அவர்களாகக் கொடுத்தது.

கொடுத்ததால்தான் நிறுத்தினார்கள் என்று இப்போது நினைக்கிறேன். சம்பளத்தை நிறுத்த ஆபீசால் முடியும். ஒப்பந்தத்தை நிறுத்த மன்றத்தால் முடியும். உத்தரவு ஒன்று வந்து விழுந்தபோது, நிறுத்தி வைப்பதற்கு அந்தப் பெண்களின் கையில் என்ன இருந்தது? தாளில் இருந்த வேலையை நிறுத்தினால் வேலை போகும். தாளில் இல்லாத கருணை ஒன்றுதான் அவர்களுடையது. அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் அப்படித்தான் செய்வோம். வளைந்து கொடுத்துக்கொண்டிருந்தவரிடம் ஆணையிட்டால், முதலில் விறைப்பது அந்த வளைவுதான். அதன்மேல் சாய்ந்து நின்றவர் யாரோ, அவர்தான் விழுவார். உத்தரவு போட்டவர் விழ மாட்டார்.

இன்ஸ்பெக்டரை அதன்பிறகு ஒருமுறை பார்த்தேன். வழிகாட்டுதலில் இருந்ததைத்தானேம்மா சொன்னேன் என்றார். ஆமாம் சார் என்றேன். அவர் இளைத்துப் போயிருந்தார்.

அதனால் உங்களுக்குச் சொல்வது: உங்கள் தெருவில் தானாக வளர்ந்த நல்ல வழக்கம் ஏதாவது இருந்தால் என்னைப்போலப் பெருமைப்பட்டுக்கொண்டு திரியாதீர்கள். அதை யார் தாங்குகிறார்கள், அதன்மேல் யார் சாய்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆய்வு வருவதற்கு முன்னால், சண்டை வருவதற்கு முன்னால், நிதானமாக இருக்கும் ஒரு சாயங்காலத்தில், எழுத்தில் ஏற்றுங்கள். "எழுத்துல கேக்காதே" என்று யாராவது நல்ல மனதோடு சொன்னால், அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

எனக்கு இப்போது வேதாரண்யம் பக்கம் ஒரு பேரூராட்சியில் வேலை. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மாடி வீடு குறைவு. புயல் அடித்த ஓடுகள் மாற்றாமல் கிடக்கின்றன. குப்பையில் பாதி மீன். அங்கேயும் ஒரு பெண்கள் குழு அமைத்திருக்கிறார்கள், சிலர் உப்பளத்து வேலையிலிருந்து வந்தவர்கள். பச்சைச் சட்டைகள் வந்துவிட்டன, விசில்கள் வந்துவிட்டன. திங்கட்கிழமை தொடக்க விழா என்று கடிதம் வந்திருக்கிறது. இரண்டு வாரம் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எதற்கு என்று கேட்டார்கள். பயிற்சிக்கு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

பயிற்சி இல்லை, இரண்டு கேள்விகள். அந்தப் பெண்களை உட்காரவைத்து, நானும் தரையில் உட்கார்ந்து, முதலில் இதைக் கேட்கப்போகிறேன்: எதை நீங்கள் கையில் வாங்க மாட்டீர்கள்? அவர்கள் சிரிக்கலாம், மழுப்பலாம், எழுந்து போகலாம். பதில் வரும்வரை இரண்டாவதைக் கேட்க மாட்டேன். அது வந்தபிறகு: மழை பெய்தால் யார் வீட்டுப் படி ஏறுவீர்கள்? அந்த வீடுகளுக்கு அவர்களையே கூட்டிக்கொண்டு போய், படியைப் பார்த்து, கைப்பிடி இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு பதிலையும் ஒரே தாளில் எழுதி அலுவலகத்தில் கையெழுத்துக் கேட்கப்போகிறேன். மறுப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். கையெழுத்து விழாமல் விசில்களைப் பெட்டியிலிருந்து எடுக்கப்போவதில்லை.